அபஸ்வரம்

"தனியா ஒத்திகை பார்த்துட்டிருந்தப்போ, இதே மேடையிலதான் பாடகரோட கழுத்தை அறுத்தாங்க. ரத்தம் முதல் வரிசை வரைக்கும் தெறிச்சுது. இன்னமும் அவர் ஆவி இங்க பாடுது," என்றாள் வழிகாட்டிப் பெண்.

அந்தப் பழைய இசையரங்கத்தில் ஆவியைப் பார்க்க டிக்கெட் எடுத்து வந்த கூட்டம் கழுத்தைத் தடவிக்கொண்டது. கூட்டத்தில் நின்ற வயலின்காரர் ஒருவருக்கோ காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. யார் தப்பாக வாசித்தாலும் கச்சேரியை நிறுத்தித் திருத்துகிற ஆள் அவர். அதனாலேயே பாதிப் பேர் அவரைக் கூப்பிடுவதில்லை.

வாயைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் பொறுக்க முடியவில்லை.

"தப்புத் தப்பாச் சொல்றியேம்மா. கத்தியும் இல்ல, மேடையும் இல்ல. திரைக்குப் பின்னால மைக் ஸ்டாண்டால அடிச்சது. முதல் அடி வாயில. பாட்டு நின்னுச்சு. அப்புறம்தான் மண்டை."

"எல்லாரும் கழுத்துன்னுதானே சார் சொல்றாங்க?"

"ஊர் ஆயிரம் சொல்லும். நடந்தது இதான்."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூலையில் கிடந்த மைக் ஸ்டாண்டை எடுத்துக் கனம் பார்த்தாள்.

"எங்கப்பா எப்படிச் செத்தார்னு போலீஸ் வெளியே விடவே இல்ல சார். அவங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். என்னைக்காவது ஒருத்தர் வந்து திருத்துவார்னுதான் வருஷக்கணக்கா தப்பாவே சொல்லிட்டிருக்கேன்."

வயலின்காரர் பின்வாங்கினார். முதுகில் திரை தட்டியது.

"முதல் அடி வாயிலன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.