இரண்டு பக்கமும் மேற்கோள்

ஸ்டுடியோவில் மூன்று பேர். கணினி முன்னால் அக்கா, அவள் நாற்காலியில் சாய்ந்து நிற்கும் தம்பி, கதவோரம் மணப்பெண்ணின் அப்பா. பிடிக்காத படங்களை மகள் தனி ஃபோல்டரில் போட்டு ‘வேண்டாம் *’ என்று பெயர் வைத்திருக்கிறாள். அதை மட்டும் அழிக்க வேண்டும். ஆனால் கட்டளையில் அந்த நட்சத்திரக்குறி மேற்கோளுக்குள் இல்லாமல் வந்தால் ‘இங்கிருப்பது எல்லாமே’ என்று பொருள். கல்யாணப் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. அழிப்பதற்கென்று தம்பி எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை இயக்கும் வரியில், அக்கா ஃபோல்டர் பெயரின் இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போடுகிறாள். மின்விசிறி கடகடக்கிறது. அப்பாவின் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. “கூரியர்காரன் கிளம்பிடுவான்மா.” என்டர் வரை போன விரல் திரும்புகிறது. “டேய், நீ எழுதின ஸ்கிரிப்ட்டுக்குள்ளயும் மேற்கோள் போட்டியா?” “என்னைக் கத்துக்குட்டின்னு நெனச்சியாக்கா?” என்று சிரித்தபடி திறந்து பார்க்கிறான். சிரிப்பு பாதியில் நிற்கிறது. போடவில்லை. “படுபாவி, தலையில கல்லைப் போட இருந்தியே!” காது சிவக்கக் குறிகளைச் சேர்க்கிறான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறாள். “ஒண்ணுதான் போயிருக்கு, பாருக்கா.” மற்ற படங்களெல்லாம் பென்டிரைவில் ஏறுகின்றன. மகளுக்கு அப்பா எழுதிய கடிதத்தோடு அதை உறையிலிட்டு அக்கா அவசரமாக ஒட்டும்போது பசை கோணலாக வழிகிறது. “ஒண்ணை அழிக்கவா இவ்வளவு நேரம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா உறையை வாங்கிப் படியிறங்குகிறார்.