யார் அந்த ‘ஹி’?

அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே பானுப்ரியா சொன்னது தாணுலிங்கத்தின் காதில் தெளிவாக விழுந்தது. “ஹி இஸ் வெயிட்டிங். ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் மி.” சொல்லிவிட்டு உதட்டைச் சுழித்தாள். அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

தாணுலிங்கத்துக்கு இங்கிலீஷ் வராது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக்கடை வைத்திருப்பவனுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அதற்காக ‘ஹி’ என்றால் ஆம்பளை, ‘வெயிட்டிங்’ என்றால் காத்துக்கிடப்பது என்றுகூடத் தெரியாத அப்பாவியும் இல்லை அவன். யாரவன் என்று கேட்டான்.

“பாடம்ங்க. இப்ப நடந்துக்கிட்டு இருக்கதச் சொல்லுத பாடம்” என்றாள் பானுப்ரியா, திரும்பிப் பார்க்காமல்.

அந்தப் பதில்தான் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றியது. இப்போது நடப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்றால், இல்லாத ஒருவனைப் பற்றி இவள் எப்படிச் சொல்வாள்? அப்படியானால் எவனோ ஒருவன் நிஜமாகவே காத்துக்கொண்டிருக்கிறான். தாணுலிங்கம் தோசையைத் தொடாமல் எழுந்து போனான்.

பானுப்ரியா ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தற்காலிக வேலையில் இருந்தாள். கப்பல் வந்துகொண்டிருக்கிறது, சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்கு போனில் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தால் வேலை நிரந்தரம். அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் பேசவைத்துப் பார்ப்பார். அதற்காகத்தான் பீச் ரோட்டு மாடியில் கிருபாநிதி நடத்தும் வகுப்புக்குச் சாயங்காலம் போய்க்கொண்டிருந்தாள். மணப்பாட்டுக்காரரான கிருபாநிதி, கப்பலில் பல வருஷம் கடலைக் கண்காணிக்கும் லுக்-அவுட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய பைனாகுலர் இன்னும் வகுப்பு ஜன்னல் திட்டில்தான் இருக்கும்.

அன்று முதல் தாணுலிங்கம் கடையைச் சீக்கிரமே சாத்தினான். வகுப்புக்கு எதிரே, ஐஸ் லாரியின் மறைவில் பைக்கை நிறுத்திக் காவல் கிடந்தான். எவனும் வந்தபாடில்லை. மாடியிலிருந்து மட்டும் “ஹி இஸ்… ஹி இஸ்…” என்று கோரஸாகச் சத்தம் வரும், பின்னாலேயே சிரிப்பும் வரும். அவ்வப்போது ஒரு பெண் ஜன்னலுக்கு வந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொள்வாள். அவனுக்குப் பின்னால் துறைமுகம். படிக்க அனுப்பினால் கப்பலை வேடிக்கை பார்க்கிறதுகள் என்று அதற்கும் சேர்த்துப் பல்லைக் கடித்தான்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு முடிவோடு வந்தான். உங்கள் மகளை நாளைக் காலையில் கொண்டுவந்து விடுகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாத்தான்குளத்து மாமியாருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டான். ஆபீசும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். மாமியார் அழுததுகூட அவன் கோபத்தைக் குறைக்கவில்லை.

லாரியை ஒட்டிக் குனிந்து நின்றவனுக்கு மேலேயிருந்து பானுப்ரியாவின் குரல் தனியாகக் கேட்டது.

“ஹி இஸ் லுக்கிங் அட் மி.”

மாடியே சிரித்தது. ஒரு கூட்டமே சேர்ந்து தன்னைக் கேணையனாக்குகிறது என்று தாணுலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைக் சாவியைக்கூட எடுக்காமல் ரோட்டைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

“எவன்ளா அவன்? ஒன்னயவே பாத்துக்கிட்டு இருக்கவன் எவன்?” என்று கத்தினான். “அவன இப்பமே எம் முன்னால நிப்பாட்டு. இல்லன்னா நாளைக்கு ஆபீசும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறிரணும், கேட்டியா?”

முன் பெஞ்சில் ஒருத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலோரம் நின்ற பானுப்ரியாவின் முகம் சிவந்துபோயிருந்தது. அது பயம் இல்லை. ஒரு வாரமாக அடக்கிவைத்த கோபம்.

கிருபாநிதி மட்டும் நிதானமாக எழுந்து வந்தார். “கப்பல்ல லுக்-அவுட் நிக்கவன், கண்ணுல படுதத அப்பப்பவே சொல்லணும் அண்ணாச்சி. இங்கனயும் அதே முறைதான். ஜன்னல் வழியா யாரயாவது ஒரு ஆளப் பாத்துக்கிட்டு, அவரு செய்யுதத இங்கிலீஷ்ல சொல்லுதோம். இந்த வாரம் பூரா ஒரே ஆளுதான் கெடச்சாரு.”

“அவன் எங்கன?” என்று தாணுலிங்கம் ஜன்னலுக்குப் பாய்ந்து எட்டிப் பார்த்தான். மாடியிலிருந்து பார்த்தால் ஐஸ் லாரி எதையும் மறைக்கவில்லை. அதன் பின்னால் ஆள் யாரும் இல்லை. சாவியோடு அவனுடைய பைக் மட்டும் நின்றது.

கிருபாநிதி பானுப்ரியா பக்கம் திரும்பினார். “இன்னைக்கு ஒன்னோட முறைதானம்மா. சொல்லு, வாட் இஸ் ஹி டூயிங் நவ்?”

பானுப்ரியா கையிலிருந்த பைனாகுலரைத் திட்டில் வைத்தாள். புருஷனை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“ஹி இஸ் ஷவுட்டிங், சார்.”