நாலு பக்கமும் பூட்டு

“இலை தழை விழாம இருக்க வலை மூடியே போதும் சார்” என்றார், நீச்சல் குளத்துக்கு மூடி போட வந்தவர்.

“போதாது. அவன் அதைக் கிழிச்சுட்டு இறங்கிடுவான்” என்றார் வீட்டுப் பெரியவர். “கெட்டித் துணி போடுங்க. நாலு பக்கமும் பூட்டு வேணும்.”

“பையன் அவ்வளவு வாலா?”

“எமகாதகன்! பின்கதவைப் பூட்டினா ஜன்னல் வழியா வர்றான். நேத்து எல்லாரும் அசந்த நேரம், சட்டையோட கழுத்தளவு தண்ணில நின்னிருக்கான். மருமகதான் குதிச்சு இழுத்துட்டு வந்தா. பாவம், அவளுக்குத் தூக்கமே போச்சு.”

“வயசென்ன சார்?”

“நாளுக்கு நாள் குறைஞ்சுகிட்டே வருது.”

கிண்டல் என்று நினைத்து வந்தவர் சிரித்தார்.

தரையில் கொக்கிகள் இறங்கின. மூடி விறைப்பாக நின்றது. பெரியவர் மண்டியிட்டு ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். ஓரத்தில் விரலை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. தண்ணீர் தெரியாத அந்தத் துணியைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு சாவியை மருமகளின் கையில் வைத்து மூடினார்.

“டாக்டர் சொன்னாரில்லம்மா, இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு உன்னையே அடையாளம் தெரியாதுன்னு? அப்போ நான் எவ்வளவு அழுது கேட்டாலும் இதைக் குடுத்துடாதே.”