பெஞ்சுக்குப் பச்சை, கேட்டுக்கு நீலம்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பூங்கா பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்தது. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் விழுந்தது. அத்தனை வருஷமும் அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சைத் தேடி வந்தது ஒரு செவலை நாய் மட்டும்தான். மழை வந்தால் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு கடைத்தெருச் சேதிகளைச் சொல்லும். பெஞ்சும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு பூங்காவைச் சீர்செய்தார்கள். திறப்பு விழா அன்று காலையில்தான் பெயிண்ட் அடித்தார்கள். பெஞ்சுக்குப் பச்சை, கேட்டுக்கு நீலம். அது காய்வதற்குள் நாய் வந்து வழக்கம்போல அடியில் படுத்து எழுந்து போனது. மத்தியானம் பெஞ்சுக்குப் பக்கத்தில் புது விளக்குக் கம்பத்தை நட்டார்கள்.

சாயங்காலம் மாலையும் மேளமுமாகக் கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு நடுவே புகுந்து வந்த நாய், பெஞ்சைப் பார்த்து வாலை ஆட்டியது.

"உங்களுக்குத் தெரிஞ்சதா?" என்று கேட்டது கம்பம்.

"இதுவா? என் பக்கத்துலகூட வந்ததில்லையே" என்றது பெஞ்சு.

நாயின் வால் நின்றது. திரும்பியபோது அதன் முதுகில் நீளமாகப் பச்சைக் கோடு தெரிந்தது.

"அப்போ முதுகுல என்ன பெயிண்ட்?" என்றது கம்பம்.



"வர்றப்ப கேட்டுல உரசிக்கிட்டேங்க. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றது நாய்.

சொல்லிவிட்டு, அந்த நீலக் கேட்டைத் தாண்டி வெளியே போனது.