ரெண்டு ஆடு போடுங்க

கண்ணாயிரத்தின் ஆட்டை வேலப்பன் திருடித் தின்றுவிட்டான். வெள்ளிமலைக்கு மேலே உள்ள அந்த ஊரில், திருடியவன் ஆடு அடித்து ஊருக்கே சோறு போட வேண்டும், அதுதான் தண்டனை.

“ஒரு ஆடு,” என்றார் ஊர்க்கவுண்டர்.

கண்ணாயிரம் துண்டை உதறி எழுந்தான். “இன்னாங்க நாயம் இது? ஒண்ணு போட்டா இவனுக்கு ஒறைக்குமா? ரெண்டு போடுங்க! இனிமே எவனும் அடுத்தவன் ஆட்ட தொடக்கூடாது!”

“அவ்ளோ தாங்காதுங்க,” என்று வேலப்பன் கும்பிட்டான்.

“திருடறப்போ தாங்கிச்சா?”

கவுண்டர் இரண்டாக்கினார்.

மறுநாள் மத்தியானம் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. கண்ணாயிரம் ஆத்திரம் தீரும்வரை கறி வாங்கினான். வேலப்பனை முறைத்துக்கொண்டே எலும்பையும் கடித்தான்.

அவன் மனைவி சின்னப்பொண்ணு ஓடி வந்தாள். “யோவ், இங்க தின்னுக்கினு இருக்கிறியா? பட்டியில மிச்சமிருந்த நம்ம ரெண்டு ஆட்டையும் காணோம்யா!”

கண்ணாயிரம் இலையைத் தூக்கி வேலப்பன்மேல் எறிந்தான். “கவுண்டரே! இந்த தபா நாலு போடுங்க!”

ஊரில் இப்போது ஆடு மிச்சமிருந்தது கவுண்டர் பட்டியில் மட்டும்தான்.

கவுண்டர் விரலை நக்கி முடித்தார். “கோவப்படாதப்பா. தண்டன குடுத்து எவன் திருந்தியிருக்கான்? மன்னிச்சி வுட்டுடலாம்.”