சாட்சி கைவசம்

"இந்த உஸ்தாத் மம்தூஹோட வலது கை இருக்கே, அது அவர் பேச்சைக் கேக்காது டாக்டர். என் பேச்சைத்தான் கேக்கும்" என்றார் இன்ஷிராஹ் மேடம்.

கெய்ரோ செவிலியர் சங்கத்தின் கூட்ட அறையில் எழுந்த சிரிப்பில் நைல் நதிப் படகுகளெல்லாம் ஒருமுறை ஆடி நின்றிருக்கும். 'ஆசிரியர்' என்று பொருள்படும் 'உஸ்தாத்' பட்டத்தோடு எதிரே உட்கார்ந்திருந்த மம்தூஹுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"விசாரணைக்குக் கூப்பிட்டீங்களா, காப்பிக் கோப்பையில குறி பாக்கக் கூப்பிட்டீங்களா?" என்று தலைவி டாக்டர் ராவியாவிடம் கேட்டார்.

வழக்கு இதுதான். பாலைவன ஊர்களில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்காக மேடம் தன் குரலிலேயே ஓர் இணையவழிப் பாடம் தயாரித்திருந்தார். அதே பாடத்தை வரிக்கு வரி தன் குரலில் பேசி, தன் பெயரைப் போட்டுச் சங்கத்திடம் கொண்டுவந்துவிட்டார் மம்தூஹ்.

மேடத்தின் பாடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, திருடியது அந்த அம்மாள்தான் என்று சத்தியம் வேறு செய்தார். டாக்டர் இன்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தோற்றவர் நெற்றியில் 'திருடர்' என்ற பட்டம் ஒட்டிவிடும்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே மேடம். யாரைப் பாத்து யார் செஞ்சதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

"என்கிட்ட இருக்கிற ஒண்ணு அவர்கிட்ட இல்ல டாக்டர். வேண்டாத வேலைன்னு வெட்டிட்டார்."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடம் நடத்தும் குரலுக்கு மாறினார். தேனில் ஊறிய குரல் அது. எங்கோ இருக்கும் செவிலி வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுப்பில் அவரைக்கொட்டை கிளறப் போய்விடுவாள், இங்கிருந்தபடியே அவளைக் காதைப் பிடித்து உட்காரவைப்பதில்தான் பாடம் தயாரிப்பவளின் சாமர்த்தியம் இருக்கிறது என்று விளக்கினார்.

"தய்யிப்?" என்று இழுத்து நிறுத்தினார். 'சரிதானே' என்று கேட்கும் அந்தச் சொல் எகிப்தில் எல்லார் வாயிலும் உண்டு. ஆனால் இந்த இழுப்பு மேடத்துக்கு மட்டுமே சொந்தம்.

மம்தூஹ் இரண்டு விரலால் மேசையில் தட்டினார். டொக் டொக். மனிதருக்குப் பொறுமை போய்விட்டது போலும் என்று டாக்டர் தேநீர் வரவழைத்தார்.

நீளப் பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் மனதில் இறங்கும் என்று மேடம் தொடர்ந்தார். "தய்யிப்?"

டொக் டொக். சர்க்கரை கேட்கிறார் என்று நினைத்த பணியாள் தம்ளரில் இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார்.

"வளந்தவங்களைக் காதைப் பிடிச்சா உக்கார வைப்பாங்க? நான் என் மாணவர்களை நம்புறவன்" என்றார் மம்தூஹ். "அது போகட்டும், என் கை இந்தம்மா பேச்சைக் கேட்டுச்சா? நீங்களே சொல்லுங்க டாக்டர்." கொதிக்கும் தம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனார்.

மாதக்கணக்கில் மேடத்தின் வயிற்றில் எரிந்த நெருப்பெல்லாம் அந்த நொடியில் சர்க்கரைப் பாகாக மாறியது. "உஸ்தாத் சொல்றதும் நியாயம்தான். நான் முடிச்சுக்கறேன்." மெல்ல அவர் பக்கம் சாய்ந்து, இழுத்தார் பாருங்கள் ஒரு இழுப்பு: "தய்யிப்?"

பதறிப்போன மம்தூஹ் தம்ளரை மேசையில் போட்டார். அது கவிழ்ந்து தேநீர் மொத்தமும் மடியில் கொட்டியது. அதைக்கூடப் பொருட்படுத்தாமல் விரல் மேசைக்குப் பாய்ந்தது. டொக் டொக்.

"தொடை வெந்திருக்குமே உஸ்தாத். அப்படியென்ன தலைபோற அவசரம்?" என்றார் டாக்டர் ராவியா.

கால்சட்டையை உதறிக்கொண்டே, தன்னை மறந்து சொன்னார் மம்தூஹ்: "திரையில ரெண்டு தட்டு தட்டலன்னா பாடம் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிடுமே டாக்டர்."