ஒட்டுமீசைக்காரனின் குரல்

அந்த இந்திப் படத்தில் பணக்கார நாயகன் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, தான் காதலிக்கும் பெண்ணின் வீட்டிலேயே டிரைவராகச் சேர்ந்துவிடுவான். தமிழில் அவனுக்குக் குரல் கொடுத்தவன் இன்பராஜ், நாயகிக்கு வாசுகி. டிரைவராகப் பேசும்போது மட்டும் இன்பராஜ் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொள்வான். இருவரும் ஒரே மைக்கின் முன் தோளோடு தோள் நின்று பேசிய காலம் அது.

ஒரு மத்தியானம், அடுத்த காட்சிக்குக் காத்திருந்தபோது, வாசுகி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்லப்போறதில்லையா?"

சொல்ல வேண்டியதை இரண்டு வருடமாக நெஞ்சிலேயே வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது டிரைவர்தான் வந்தான். "மேடத்துக்கு மகராசனா மாப்பிள்ளை கெடைக்கட்டுங்க!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசுகியும் சிரித்தாள். அடுத்தது, நாயகன் மீசையைப் பிய்த்தெறியும் காட்சி. நாயகி அழ வேண்டும். வாசுகியின் அழுகை ஒரே டேக்கில் ஓகே ஆனது. என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் அன்றைக்கு இன்பராஜ் நினைத்தான்.

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படத்தை டிவியில் போடுகிறார்கள். மீசை கழன்று விழுகிறது. இளமையான சொந்தக் குரலில் இன்பராஜ், "நான்தான். என்னை விட்டுப் போகாத" என்கிறான். அவள் அழுகிறாள்.

"போகாத, வாசுகி" என்று ஒருநாள் இவனும் டிவியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். வயதாகிக் கரகரத்துப்போன தொண்டையிலிருந்து அதுவும் டிரைவர் குரலாகத்தான் வந்தது.